ராமமூர்த்தி சார் உள்ளே இருக்கிறார்

ஆம்பூர்,
வியாழக்கிழமை

அன்புத் தம்பி சூர்யாவுக்கு,

அக்கா கமலவேணி ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. உன் சுகத்தையும், பூர்ணிமாவின் சுகத்தையும், பெங்களூரில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். இங்கு நான் சுகம், மாமா சுகம், மாமாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. குடியாத்தத்தில் அம்மா உனக்கென்று இரண்டு லுங்கி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நிற்க. போனில் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், “அக்கா, இப்படிக் கலந்துகட்டி சொன்னா எனக்கு ஒன்னும் புரியாது. எது மொதல்ல ஆச்சு, அதுக்கப்புறம் எது ஆச்சு, ஸ்கிரீன்ல இன்னா வந்துச்சு, எல்லாத்தையும் வரிசையா எழுதி அனுப்பு” என்று சொல்கிறாய். ஆகையால் எங்கள் ஷூ கம்பெனிக்கு நீ செய்து கொடுத்த கேட் ப்ரோக்ராமைப் பற்றி வரிசையாக எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் நிறுத்திவிட்டு “ரீஸ்டார்ட் பண்ணியா” என்று கேட்காதே. பண்ணியாகிவிட்டது.

அந்த ப்ரோக்ராமில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இதுநாள்வரை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் ஆட்கள் கேட்டில் கார்டைக் காட்டுவார்கள், ஆபீஸில் என் ஸ்கிரீனில் அவர்கள் பெயர் ஏறும். சாயந்திரம் திரும்பக் காட்டிவிட்டுப் போவார்கள், பெயர் இறங்கும். கடைசியில் ‘உள்ளே: 0’ என்று வந்ததும் நான் கம்ப்யூட்டரை மூடுவேன், வாட்ச்மேன் இஷ்தியாக் அகமது பாய் கேட்டைப் பூட்டுவார். ஸ்டோர் சூப்பர்வைசர் ராமமூர்த்தி சார் ஆடி மாசம் மாரடைப்பில் தவறிப்போனது உனக்குத் தெரியும், நீயும் மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். முதலாளி நல்ல மனுஷன், சாருடைய சம்சாரம் மோகனாவுக்கு அந்த ஸ்டோரிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். காரியமெல்லாம் முடிஞ்சு, சார் நாற்காலியில வேற ஆள் உட்கார ஆரம்பிச்ச பிற்பாடு ஒரு நாள் சாயந்திரம் நான் கம்ப்யூட்டரை மூடப் போறேன், ‘உள்ளே: 1’ன்னு நிக்குது. யாரு இன்னும் போகாம இருக்கறதுன்னு பேரைப் பார்த்தா, ராமமூர்த்தி.

இஷ்தியாக் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்பப் போட்டுப் பார்த்துட்டு, “அம்மா, இங்கிலீஷ்ல தப்பா அடிச்சிருப்பாங்க, தமிழ்ல மாத்திப் பாருங்க”ன்னார். தமிழ்லதான் இருந்துச்சு. உனக்குப் போன் பண்ணேன், “ரீஸ்டார்ட்”ன்ன. பண்ணேன். மறுநாள் காலைல பார்க்கறேன், கட்டிங் செக்‌ஷன் ஆளுங்களுக்கு நடுவுல, எல்லாரோடயும் ஒன்னா சேர்ந்து, ராமமூர்த்தி சார் வேலைக்கு வந்துட்டார். லேட்டு கூட இல்ல. உசுரோட இருந்தப்ப திங்கக்கிழமை ஆனா பஸ் கிடைக்கலன்னு சொல்ற மனுஷன், செத்த பிற்பாடு ஒரு நாள் லீவு போடல. காலைல வர்றார். சாயந்திரம் போறதில்ல.

திரும்ப உனக்குப் போன். “ஜன்னலை மூடினா ப்ரோக்ராம் போயிடாதுக்கா, அது உள்ளுக்குள்ள உசுரோட ஓடிட்டே இருக்கும், டாஸ்க் மேனேஜரைத் தொறந்து அதைத் தேடிப் புடிச்சுக் கொல்லு”ன்ன. தொறந்தா ஒன்னு இல்ல, ஒரே பேர்ல ஏழெட்டு வரிசையா நிக்குது. பின்னாடி நின்ன மேனேஜர் மதியழகன் சார் “இன்னாம்மா சொல்றான் தம்பி?”ன்னார். நானும் பதட்டத்துல, “சார், இத்தனை பேர் உள்ள உசுரோட இருக்காங்களாம், எல்லாரையும் கொன்னுட சொல்றான்”னு சத்தமா சொல்லிட்டேன். டீ கொண்டு வந்த அம்மா ட்ரேயோட அப்படியே திரும்பிப் போய்ட்டாங்க. அன்னிக்கு யாருக்கும் டீ இல்ல. எல்லாத்தையும் கொன்னேன். சாயந்திரம் ‘உள்ளே: 1’.

அதுக்கப்புறம் விஷயம் என் கையை விட்டுப் போயிடுச்சு. தையல் செக்‌ஷன்ல ஸ்டோர் பக்கம் தனியா போகமாட்டோம்னு பொண்ணுங்க சொல்லிட்டாங்க. ஜோலார்பேட்டைலேர்ந்து வர்ற ரெண்டு பேர் வேலையே வேணாம்னு நின்னுட்டாங்க. அவர் போடற ஜவ்வாது வாசனை வருதுன்னு ஒருத்தி, அவர் செருமற சத்தம் கேட்குதுன்னு இன்னொருத்தி. மதியழகன் சார் எந்த சாமியும் கோச்சுக்கக் கூடாதுன்னு சோளிங்கர்லேர்ந்து தீர்த்தத்தோட ஒரு அர்ச்சகரை வரவழைச்சார், பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணார், இஷ்தியாக் பாய் தனக்குத் தெரிஞ்ச பெரியவரைக் கூட்டி வந்து ஓதவெச்சார். மூணு பேரும் நல்ல மனுஷங்க, ஒருத்தருக்கொருத்தர் நாற்காலி போட்டுக் கொடுத்து அடக்கமா நடந்துக்கிட்டாங்க. தப்பு பண்ணது மதியழகன் சார்தான். தீர்த்தத்தைக் கம்ப்யூட்டர் மேல தெளிக்கச் சொன்னா, கீபோர்டு மேல ஊத்திட்டார். அன்னிலேர்ந்து ஸ்பேஸ் பட்டனைக் குத்தினாத்தான் வேலை செய்யுது. சாயந்திரம் எல்லாரும் ஸ்கிரீன் முன்னால கும்பலா நின்னோம். ஒவ்வொரு பேரா இறங்குச்சு. கடைசியா ஒரே ஒரு பேர் நின்னுச்சு. பொண்ணுங்கள்ல யாரோ அழ ஆரம்பிச்சாங்க, அதைக் கேட்டு மதியழகன் சாரே மூக்கை உறிஞ்சிக்கிட்டார்.

அப்பதான் நீ ராத்திரி உன் ரூம்லேர்ந்தே எங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து ஏதோ பண்ணிட்டு, “அக்கா, பிரச்சினை முடிஞ்சுது”ன்ன. “இன்னாடா பண்ண?”ன்னு கேட்டேன். “அந்த ஒரு கார்டை மட்டும் கணக்குல எடுத்துக்காதன்னு ஒரு வரி போட்டுட்டேன்”ன்ன. “ஏன் அப்படி வந்துச்சு?”ன்னு கேட்டேன். “அது ஏதோ பழைய டேட்டா, டைம் கிடைக்கறப்ப பார்க்கலாம்”ன்ன. மறுநாள் சாயந்திரம் ‘உள்ளே: 0’ன்னு வந்துச்சு. நாங்க எல்லாரும் கைதட்டினோம். மதியழகன் சார் மைசூர்பா வாங்கினார். அதே சந்தோஷத்துல, எங்கிட்ட இருந்த ரெண்டாவது மானிட்டரைக் கிரிக்கெட் பார்க்கத் தன் ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ட்டார். பின்னால நடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம், அதனாலதான் எழுதறேன்.

இப்ப முந்தாநாள் செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன். சாயந்திரம் மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு நிக்குது, கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடுது. கம்பெனி பஸ் எல்லாரையும் ஏத்திகிட்டுப் போயிடுச்சு. ‘உள்ளே: 0’ன்னு பார்த்துட்டு நான் மூடற பட்டனை அழுத்தறேன், ‘டிங்’குன்னு ஒரு சத்தம், அதுவரைக்கும் ஒரு நாளும் கேட்காதது. ஸ்கிரீன்ல ஒன்னும் இல்ல. திரும்ப அழுத்தறேன், திரும்ப ‘டிங்’. எங்க அழுத்தினாலும் ‘டிங்’. காலியா கெடக்கற வீட்ல யாரோ தட்டைத் தட்டற மாதிரி. உனக்குப் போன் பண்ணேன், நீ மீட்டிங்ல இருக்கேன்னு ரகசியக் குரல்ல பேசின. “சத்தம் வருதுன்னா ஏதோ கேள்வி கேட்டு ஒரு பாக்ஸ் எங்கயோ தொறந்து நிக்குதுக்கா. பழைய மானிட்டர் இருந்த பக்கம் போய் நிக்கும், அந்த மானிட்டர் இப்ப இல்லன்னு அதுக்குத் தெரியாது. ஆல்ட்டைப் புடிச்சுகிட்டு ஸ்பேஸ், அப்பறம் எம், அப்பறம் அம்புக்குறியை அழுத்திகிட்டே இரு, உள்ள வந்துரும். இன்னா பாக்ஸா இருந்தாலும் ஓகே குடுத்துட்டு வீட்டுக்குப் போ”ன்னு சொல்லிட்டு வெச்சுட்ட.

ஸ்பேஸை ஒரு குத்து குத்தினேன். அம்புக்குறியை அழுத்திகிட்டே இருந்தேன். ஸ்கிரீன் ஓரத்துலேர்ந்து, கதவிடுக்குல ஒருத்தர் மெதுவா தலையை நீட்டற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பாக்ஸ் உள்ள வந்துச்சு. ‘ராமமூர்த்தி உள்ளே இருக்கிறார். மூடலாமா?’ன்னு எழுதியிருந்துச்சு. கீழ ‘ஆம்’, ‘இல்லை’ன்னு ரெண்டு பட்டன். அதுக்குப் பின்னாடி பெரிய எழுத்துல ‘உள்ளே: 0’.

பொய் சொல்லமாட்டேன், மௌஸ் அம்பு ‘ஆம்’ மேலதான் இருந்துச்சு. ஆனா தம்பி, அது மிரட்டல, கேட்குது. மரியாதையா கேட்கறவங்களுக்கு ஆமா மூடுன்னு எப்படிச் சொல்றது? ‘இல்லை’யை அழுத்திட்டு, இஷ்தியாக் பாயை இழுத்துகிட்டு ஸ்டோர் பக்கம் போனேன். போனேன்னா, பாதி தூரத்துல அவர் நின்னுட்டார். “நீங்க போங்கம்மா, நான் இங்கேர்ந்தே டார்ச் அடிக்கிறேன், வெளிச்சம் நல்லா வரும்”ன்னார். “பாய், நீங்கதான வாட்ச்மேன்?”னேன். “நான் வெளிய வாட்ச்மேன்மா”ன்னார். அப்ப ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல ‘டக், டக்’குன்னு தகரத்தைத் தட்டற சத்தம். ஸ்டோர் கடைசில பசை டின் அடுக்கி வெக்கற ரூம்லேர்ந்து. நாங்க ரெண்டு பேரும் கேட் வரைக்கும் ஓடி வந்துட்டோம். எனக்கு முன்னாடி பாய் வந்துட்டார், டார்ச் எனக்குப் பின்னாடி கெடக்குது.

கேட்ல நின்னு மூச்சு வாங்கறப்பதான் எனக்குத் தோணுச்சு. “பாய், ராமமூர்த்தி சார் எல்லா ரூமுக்கும் சாவி வெச்சிருந்தவர். அவர் எதுக்குத் தட்டணும்?” பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் திரும்ப ஓடினோம், இந்தத் தடவை வேற பயம். அந்த இரும்புக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. பாய் ஒரே இழுப்புல தொறந்தார். பசை நெடி மூஞ்சில அடிச்சு எனக்குக் கண்ணே தெரியல. கதவை ஒட்டி, டின் மூடியைக் கையில புடிச்சபடி, சுருண்டு கெடந்தா மோகனா.

டின் சரிபார்க்க ரேக்குக்குப் பின்னாடி போயிருக்கா. உள்ள ஆள் இருக்கறது தெரியாம யாரோ தாழைப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. பசை ரூமுக்குள்ள போன் எடுத்துப் போகக் கூடாது, அதனால போனும் இல்ல. கத்தி கத்தித் தொண்டை போயி, நெடியில தலை சுத்தி, கடைசில அந்த மூடி ஒன்னுதான் கையில இருந்திருக்கு. வெளிய காத்துல படுக்க வெச்சு மூஞ்சில தண்ணி தெளிச்சதும் கண்ணைத் தொறந்தா. பாய் தலைத் துண்டை எடுத்து விசிறிகிட்டே அழறார். ஆஸ்பத்திரில டாக்டரம்மா, “இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா…”ன்னு ஆரம்பிச்சு, மோகனா முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. இப்ப நல்லா இருக்கா, கஞ்சி குடிக்கிறா.

அவ கழுத்துல இருந்த கார்டை நர்ஸ் கழட்டி எங்கிட்ட குடுத்தாங்க. போட்டோல ராமமூர்த்தி சார் சிரிக்கிறார். மதியழகன் சாருக்குப் போன் போட்டேன். கார்டைப் பத்திக் கேட்டேன். “ஆமாம்மா… புது கார்டு வர்ற வரைக்கும் இதை வெச்சுக்கோன்னு நான்தான் குடுத்தேன்… மறந்துட்டேன்”ன்னார். இத்தனை பூஜைக்கும் முன்னால நின்னு கண்ணை மூடிகிட்டுக் கும்பிட்டாரே, அதே மனுஷன். நானும் ஒழுங்கில்ல. ஸ்கிரீன்ல இருக்கற பேருக்குப் பயந்தேன், மோகனா பேர் அதுல இல்லையேன்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணல.

“ஏன்டி, சாயந்திரத்துல கார்டைக் காட்டாம எப்படிப் போவ?”ன்னு அவளைக் கேட்டேன். “பின் கேட் வழியா போய்டுவேன்க்கா. முன் கேட்ல எல்லாரும் என்னைப் பாவம்னு பார்க்கறாங்க. பின் கேட்ல லாரிக்காரங்களுக்கு நான் யாருன்னே தெரியாது”ன்னா. நான் அவ தலையைக் கோதி விட்டேன்.

சூர்யா, உன்கிட்ட கோச்சுக்கணும்னுதான் உட்கார்ந்தேன். அந்த ப்ரோக்ராம் முதல் நாள்லேர்ந்து உண்மையைத்தான் சொல்லிச்சு. அந்தக் கார்டு உள்ள வந்துச்சு, வெளிய போகல. ஏன்னு பார்க்காம, ஒரு வரியைப் போட்டு அது வாயைக் கட்டிட்ட. நல்லவேளை, கணக்குலேர்ந்து எடுத்த நீ அந்தப் பாக்ஸ்லேர்ந்து எடுக்க மறந்துட்ட. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக நேரில் வந்து அந்த வரியை எடுத்துவிட்டு, மோகனா பேரை ஏற்றிவிட்டு, பின் கேட்டுக்கும் ஒரு மெஷின் வைத்துவிட்டு, பாக்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வருகிற மாதிரி செய்துவிட்டுப் போகவும். மத்தியானம் பிரியாணி செய்கிறேன்.

பூர்ணிமாவுக்கு என் அன்பைச் சொல்லவும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கிடைத்து, போன் செய்தால் உடனே எடுக்கும் நல்ல புத்தியும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா
கமலவேணி

பி.கு.: இதை மடிச்சு உறையில போடறப்ப நீயே போன் பண்ண. பாக்ஸ்ல எழுதியிருந்ததைச் சொன்னதும் திரும்பச் சொல்லுன்ன. அப்பறம், அப்படி ஒரு பாக்ஸை நான் வெக்கவே இல்லக்கான்ன. ஆள் உள்ள இருந்தா மூடக் கூடாதுப்பா, கேட்கற மாதிரி வையின்னு ராமமூர்த்தி சார் உசுரோட இருந்தப்ப உன்னைக் கேட்டாராம், அடுத்த தடவை பார்க்கலாம்னு விட்டுட்டியாம். நீ எழுதினது முழுக்கத் தேடிட்டியாம், அந்த வாக்கியம் எங்கயும் இல்லையாம். நானும் உன்கிட்ட ஒன்னு சொல்லல. இன்னிக்குச் சாயந்திரம் மூடறப்ப திரும்ப ‘டிங்’குன்னுச்சு. இழுத்துப் பார்த்தேன். ‘கமலவேணி உள்ளே இருக்கிறார். மூடலாமா?’ன்னு கேட்டுச்சு. ஆபீஸ் ஆளுங்களுக்குக் கார்டே கிடையாதுன்னு உனக்குத் தெரியும். “இதோ கிளம்பிட்டேன் சார்”னு சொல்லிட்டுப் பையை எடுத்துகிட்டு வந்துட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வா. கம்ப்யூட்டரைத் தொடாதே.