ஓட்டைக்குக் கட்டம் இல்லை

நவீனமாக்கி என்றோர் இனம் உண்டு. எல்லா அலுவலகத்திலும் வளரும். அதன் ராணுவ வகையை நான் முதன்முதலில் பார்த்தது, என் வேலைக்கான நேர்காணலில். எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணினி அறிவியல், முதல் வகுப்பு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். ஜெனரல் சிக்வேசேயும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கோப்புக் கட்டை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, "இந்தக் குப்பையெல்லாம் இல்லாம ஒரு ராணுவத்த நடத்த முடியுமா தம்பி?" என்றார்.

"முடியும் ஐயா."

வேலை கிடைத்துவிட்டது.

இந்த இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 'இன்னுமா?' என்ற சொல்லை வைத்துத்தான். இன்னுமா பியூகிள் ஊதி எழுப்புறீங்க? இன்னுமா நடந்து ரோந்து போறீங்க? பழையது என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், மதியத்துக்குள் ஒழித்துவிடுவார். அதன் இடத்தில் என்ன வரும் என்பது அடுத்த கூட்டத்தில். சமையல்காரரை 'உணவு ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினார், அவர் கிளறியது அதே சோளமாவுக் களிதான். காவல் நாய்க்கும் ஒரு பயனர் கணக்கு கொடுத்தார். நாய் கடவுச்சொல்லை மறந்துவிட்டது.

பிறகு உத்தரவு வந்தது: புகார் எல்லாம் இனி கைபேசிச் செயலியில் மட்டும். காகிதத்தில் எழுதினால் தண்டனை. செயலியை எழுதியவன் அடியேன். தலைமையகச் சுவரில் பெரிய திரை. புகார் வந்த தளவாடம் சிவப்பு, வராதது பச்சை. திரை பச்சைப் பசேலென்று இருந்தது. ஜெனரல் அதன் முன்னால் நின்றுதான் தேநீர் குடிப்பார்.

ஏரிக்குள் இருக்கும் தீவுக் காவலில் சார்ஜெண்ட் லிம்பனி, ஐந்து சிப்பாய்கள், ஒரு படகு. படகின் அடியில் ஓட்டை. தீவில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது, நடு ஏரிக்குப் போனால்தான் கிடைக்கும். ஆக, ஓட்டைப் படகைப் பற்றிப் புகார் கொடுக்க, வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டைப் படகில் போனார்கள். ஒருவர் எஞ்சினில், இருவர் தண்ணீர் இறைக்க, சார்ஜெண்ட் கைபேசியில். ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்தே என்னை அழைத்தார்.

"பட்டதாரி! பழுதின் வகைன்னு கேக்குதுப்பா. எஞ்சின், விளக்கு, பெயிண்ட், மற்றவை. ஓட்டைக்குக் கட்டம் எங்க?"

"'மற்றவை'ய அழுத்துங்க சார்ஜெண்ட்."

"அழுத்தியாச்சு. பழுத போட்டோ எடுங்குது. ஓட்ட தண்ணிக்குள்ள, தண்ணி படகுக்குள்ள. எத எடுக்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "நம்ம மூஞ்சிய எடுங்க சார்ஜெண்ட், வீட்டுல மாட்ட ஒதவும்!"

"யங்கோ, வாய மூடிட்டு தண்ணிய எறை! தம்பி, மூணு வாரத்துல தெக்குக் காத்து கெளம்பிரும். அப்ப இதுல ஏறினா ஆறு பேரும் மீனுக்குத்தான், சொல்லிட்டேன்..."

தொடர்பு அறுந்தது. புகார் பதிவாகவில்லை.

ஜெனரலிடம் ஓடினேன். "ஐயா, தீவுப் படகுல ஓட்டையாம்."

"புகார் எங்க?"

"புகார் கொடுக்கவே அந்தப் படகுலதான் போகணும் ஐயா."

"போறாங்கல்ல? அப்ப எங்கய்யா ஓட்ட?"

இந்தத் தர்க்கத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கற்றுத்தருவதில்லை.

புகாரே இல்லாத காவல் என்று தீவுக்கு விருது அறிவித்தார். கொடுக்க அவரே கிளம்பினார். ஹெலிகாப்டரை நவீனமாக்குவதற்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். எனவே லிம்பனியின் படகு. நானும் ஏறினேன். பாதி வழியில் ஜெனரலின் காலணி நனைந்தது. பிறகு முழங்கால்.

"சார்ஜெண்ட், என்ன இது?"

"மற்றவை, ஐயா."

ஜெனரல் தொப்பியைக் கழற்றி இறைக்கத் தொடங்கினார். நன்றாகவே இறைத்தார், மறைக்கக் கூடாது. இறைத்துக்கொண்டே யங்கோவைப் பார்த்து, "இன்னுமா கையால எறைக்கிறீங்க?" என்றார்.

கரையேறியதும் புதுப் படகு வரும் என்று நம்பினோம். மறுநாள் எனக்கு உத்தரவு வந்தது: படிவத்தில் 'ஓட்டை' என்றொரு கட்டம் சேர்க்கவும், சிறியது, நடுத்தரம், பெரியது. சேர்த்தேன். மூன்றையும் அழகாகச் சேர்த்தேன்.

தெற்குக் காற்று வீசிய முதல் நாள், ரோந்துக்குப் போக வேண்டும் என்ற வழக்கமான உத்தரவை லிம்பனி மறுத்துவிட்டார். அன்று மாலை படகு கட்டிப்போட்ட இடத்திலேயே, ஆளில்லாமல் மூழ்கியது. சிகரெட் அட்டையில் எழுதி ஒரு மீனவரிடம் கொடுத்தனுப்பினார்: 'படகு போய்விட்டது. ஆறு பேரும் இருக்கிறோம்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது ஒரு குறையைச் சொல்ல வந்தபோது, குறையை விட்டுவிட்டு, சொன்ன விதத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறீர்களா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெனரல் ஓய்வுபெற்று, இப்போது மீன்வளத்தை நவீனமாக்கும் குழுவில் இருக்கிறார். லிம்பனிக்கு இரண்டு தண்டனை: உத்தரவை மறுத்ததற்கு ஒன்று, அட்டையில் எழுதியதற்கு ஒன்று. பதவி இறங்கி, கரையில் கிடங்குக் காவலில் இருக்கிறார். அவருடைய ஐந்து சிப்பாய்களும் உயிரோடு இருக்கிறார்கள்.