மூட்டையின் மூன்றாம் வரி

மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கிய மாப்பிள்ளைக்கு, ஆறு மாதமாக எழுத்துப் படிக்கும் மாமனார் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் மகளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, வீடு கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது. பின்பக்கச் சரிவு மண் சமையலறைச் சுவர் வரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நகராட்சி ஆய்வாளர் கம்பியால் குத்திப் பார்ப்பார். மண் இளகியிருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். சிமெண்ட் போட்டால் புல் பூண்டு முளைக்காது, இது விதையில் எடுத்த பிசின் தூள், சரிவும் நிற்கும், மண்ணும் சாகாது என்று சொல்லி நீங்கள் அனுப்பிய மூட்டை வந்தது. "நம்ம மூத்த பையன்கிட்ட குடுங்க, வாசிச்சுடுவான்" என்றாள் அத்தை. நான் விடுவேனா? மூட்டை மேல் அச்சடித்திருந்த செய்முறையை நானே விரல் வைத்து வாசித்தேன். முதல் வரி, தூளைத் தொட்டியில் கொட்டவும். கொட்டினாள். இரண்டாம் வரி, இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைக்கவும். மூன்றாம் வரியை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், எடுத்த தண்ணீரை எதற்குச் சும்மா வைப்பது என்று ஊற்றிவிட்டாள். தண்ணீருக்கு முன்னாடி தூளை உலர்ந்த மண்ணோடு கலக்கணுமாம்! தொட்டி முழுக்கத் தவளை முட்டை மாதிரி வழவழன்னு ஒரே கட்டி. "படிக்காம இருந்தப்போ நல்லாத்தானே இருந்தீங்க!" என்கிறாள். வேற வழியில்லாம அதையே சரிவுல கொட்டி மிதிச்சோம். அவ வழுக்கி என் மேல, நான் வழுக்கி வேலி மேல. விதை வாசம் பிடிச்சுப் பக்கத்து வீட்டு ஆடு ஏழும் வந்து ஏறி நக்குது, மிதிக்குது, விரட்டினா சுத்திக்கிட்டு மறுபடி வருது. ஆட்டுக்காரி, "பெரியவரே, உங்க வீட்டைத் தின்னு என் ஆட்டுக்கு வயிறு கெட்டா யாரு பாக்குறது?"ன்னு சண்டைக்கு வர்றா. மூத்தவன் தலையில அடிச்சுக்கிறான். நாலு நாளா வெயில் காயுது. கிட்டப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு லாரி அனுப்புங்கள். கட்டில், பீரோ, என் எழுத்து நோட்டு, உங்கள் அத்தை. இவ்வளவுதான் சாமான்.

மண் சரிந்தாலும் மனம் சரியாமல் நீங்கள் இருவரும் நிலைத்து வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: இதை எழுதி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ஆய்வாளர் கம்பியை ஊன்றி அமுக்கினார். இறங்கவில்லை. ஏறி நின்று அமுக்கினார். கம்பி வளைந்தது. வீடு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நானே வாசித்தேன். "இவ்வளவு நல்லா மிதிச்சுக் கலந்தது யாரு?" என்றார். ஆடுகளைக் காட்டினோம். ஆகவே லாரி வேண்டாம். இன்னொரு மூட்டை அனுப்புங்கள். ஆட்டுக்காரி தன் சரிவுக்கும் போடப் போகிறாள். ஆடு அவளிடமே இருக்கிறதாம், வாசிக்க மட்டும் நான் வர வேண்டுமாம்.