பன்னிரண்டு சட்டைகளும் இரண்டு பருந்துகளும்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். உங்கள் மருமகள், அதாவது என் மகள், அவளும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள், ஆனால் கடிதத்தைக் காட்ட வேண்டாம். போனில் சொல்லியிருப்பேன். போனில் பேசினால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நடுநடுவே சிரிப்பாள், எனக்குக் கோர்வை அறுந்துபோகும்.

விஷயம் இதுதான். எங்கள் கைப்பந்துக் கழகத்தின் பெண்கள் அணி, மூன்று வருஷமாக அரையிறுதியில் தோற்றுத் தோற்று, இந்த வருஷம்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். உங்கள் மருமகள்தான் கேப்டன். போட்டி நடத்துகிறவர்கள் இந்த வருஷம் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டார்கள்: ஒவ்வொரு கழகமும் தன் சின்னத்தையும் சீருடையையும் பதிவு செய்ய வேண்டும், பன்னிரண்டு பேரும் பதிவான உடையில் வந்து நிற்க வேண்டும், ஒரு சட்டை குறைந்தாலும் எதிரணி ஆடாமலே ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று, ஐந்தாம் எண், உங்களிடம் இருக்கிறது. அது அவளுடைய எண். அது எப்படி உங்களிடம் வந்தது என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் தப்பு என் பேரில்தான் என்கிறார்கள்.

சின்னத்தை முதலில் உங்கள் மருமகள்தான் வரைந்தாள். ஒரு பந்து, அதற்குக் கீழே வலை மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான். நான் செயலாளர் என்ற முறையில் அதைக் கமிட்டியின் முன் வைத்தேன். எங்கள் கமிட்டியில் பதினோரு பேர். வயதை எல்லாம் கூட்டினால் எழுநூறைத் தாண்டும். பதினோரு பேரும் கை தூக்கினால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும் என்பது விதி. ஆகவே ஒவ்வொருவரும் கை தூக்குவதற்கு முன்னால் எதையாவது கேட்டார்கள். தலைவர், மருத்துவமனை ஸ்டோரில் முப்பது வருஷம் இருந்தவர், "பந்து சரி, கம்பீரம் எங்கே?" என்றார். ஒரு பருந்து வந்தது. கணக்கு வாத்தியார், "இடது பக்கம் பருந்து இருந்தா வலது பக்கமும் இருக்கணும், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார். இன்னொரு பருந்து வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு இதயம் கேட்டார். இரும்புக்கடைக்காரர், முன்னேற்றத்தைக் காட்ட ஒரு ஏணி கேட்டார், அவர் கடையில் விற்கிற அதே மடக்கு ஏணி. கூட்டம் முழுக்கத் தூங்குகிற துணைத் தலைவர் மட்டும் எதுவும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் கண் விழித்து, "மணி என்ன?" என்றார். நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன் நான். எதற்கு வம்பு என்று ஒரு கடிகாரத்தையும் சேர்த்துவிட்டேன். கடைசியில் சுற்றிலும் ஒரு முழக்கம்: ஒழுக்கம், உழைப்பு, ஒற்றுமை, உடல்நலம். வெற்றி என்பதற்கு இடம் போதவில்லை.

வரைந்து முடித்தபோது பந்து ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு நடுவில் இருந்தது. சின்னம் மொத்தம் சாப்பாட்டுத் தட்டு அளவு. வாத்தியார் பிடிவாதத்தால் நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. முதுகில் எண்ணுக்கு இடமில்லாமல் அதை இடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

உங்கள் மருமகள் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்றாள். நான், "நடுவுலதாம்மா, உத்துப் பாரு" என்றேன். அன்றைக்கே அவள் முகம் சரியில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் தையல்காரர் வந்த நாள். அன்றைக்கு நீங்களும் இருந்தீர்கள், தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் போகலாம் என்று என்னோடு வந்து ஓரமாக உட்கார்ந்தீர்கள். பெண்கள் வெளியே மைதானத்தில் பயிற்சியில் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார்கள். ஆனால் நான் முந்தின கூட்டத்திலேயே, "அளவெடுக்க வரும் தையல்காரருக்கு அவையில் உள்ள அனைவரும் ஒத்துழைப்பு நல்க வேண்டும்" என்று தீர்மானம் எழுதியிருந்தேன். நல்ல வாசகம் என்று தலைவரே பாராட்டினார். தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, "யாருக்கு சார் அளவு?" என்று கேட்டார். தலைவர், "கழகத்துக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். தலைவரே தூக்கிய பிறகு நாங்கள் எப்படிச் சும்மா இருப்பது? வரிசையாக நின்றோம். பதினோரு பேர் முடிந்ததும் தையல்காரர், "இன்னும் ஒண்ணு வருமே" என்றார். நீங்கள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள். கௌரவம் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். "பை வேணுமா?" என்று அவர் கேட்டதற்கும் எல்லோரும் மூக்குக்கண்ணாடி வைக்க வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னோம். கழக வரலாற்றிலேயே விவாதமில்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

சட்டைகள் வந்தன. நீங்கள் உங்களுடையதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். மீதியைப் போட்டுக்கொண்டு பெண்கள் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். என்னத்தைச் சொல்ல! பந்தைத் தடுக்க அவர்கள் பாய்ந்தால், ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சட்டை போய்ச் சேர்ந்தது. எண்ணெல்லாம் கால்சட்டைக்குள் போய்விட்டது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதென்ன, ஆஸ்பத்திரியா, கூட்டுறவுச் சங்கமா?" என்று கேட்டார். எதிரணிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் மருமகள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி, "ஆடப்போறது பொண்ணுங்க, உங்க வயித்தை யாரு அளக்கச் சொன்னா?" என்றாள். சட்டைகளைச் சிறிதாக்கலாம் என்றால், கழகச் சொத்தில் கத்தரி வைக்க ஏகமனதான தீர்மானம் வேண்டும். தலைவர் கை தூக்க மாட்டேன் என்கிறார். அவர் சட்டை அவருக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறதாம்.

இப்போது மகள் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை அத்தான். சாப்பிடும்போது, "அம்மா, செயலாளர் கிட்டச் சொல்லி அந்த உப்பை இப்படித் தள்ளச் சொல்லு" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட முடியாமல் போனால் எதிரணிக் கழகத்திலேயே சேர்ந்துவிடுவாளாம். சேர்ந்தால் சேரட்டும், ஆனால் இந்தச் செயலாளர் என்ற வார்த்தை என்னால் தாங்க முடியவில்லை. இருபது வருஷம் அப்பாவாக இருந்தவன் நான்.

ஆகவே தயவுசெய்து ஐந்தாம் எண் சட்டையைச் சனிக்கிழமைக்குள் வந்துசேரும்படி அனுப்புங்கள். காலையில் நடக்கப் போகும்போது நீங்கள் அதைத்தான் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஊக்கு குத்தியாவது சமாளித்துக்கொள்கிறோம். கூடவே அவளிடம் போனில் இரண்டு வார்த்தை பேசுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் ராஜினாமா எழுதிவிட்டேன். இனி கமிட்டி, தீர்மானம், சின்னம் என்று எந்தப் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கால்வலி குறையவும், அக்காவின் கோபம் என் பக்கம் திரும்பாமலிருக்கவும் வேண்டிக்கொண்டு,

என்றும் பணிவுள்ள மைத்துனன்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. சட்டையை அனுப்ப வேண்டாம். எனக்கு அளவெடுத்த ஒன்பதாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மேற்படிக் கடிதத்தை எழுதினேன். எழுதி அதன் பையில் வைத்தவன், தபாலில் போட மறந்து சட்டையை மற்றப் பத்துச் சட்டைகளோடு அலமாரியில் மாட்டிவிட்டேன். உங்கள் மருமகள் எந்தத் தீர்மானமும் இல்லாமல் பதினோரு சட்டைகளையும் அள்ளிக்கொண்டு தையல்காரரிடம் போயிருக்கிறாள். அங்கே பையைப் பிரிக்கும்போது கடிதம் கிடைத்து, கடையில் நின்றபடியே படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "எல்லாரும் என்ன சேர்த்தாங்கன்னு எழுதியிருக்கீங்க, நீங்க சேர்த்ததை மட்டும் எழுதலையேப்பா" என்றாள். அந்த முழக்கம் நான் சேர்த்தது என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். தலைவர் சட்டை ஒன்றிலேயே முன்பக்கம் ஒரு சட்டை, பின்பக்கம் ஒரு சட்டை வந்து, அதில் எண்ணைத் தைத்ததும் ஐந்தாம் எண்ணும் கிடைத்துவிட்டது. பெண்கள் அளவுக்கு வெட்டியதில் பருந்து, ஏணி, இதயம், கடிகாரம், முழக்கம் எல்லாம் கத்தரியோடு போய், நடுவில் பந்தும் அதன் கீழே கோடும் மட்டும்தான் மிஞ்சின. நடுவர் பதிவுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, துணியும் அதே, பந்தும் அதே என்று விட்டுவிட்டார். ஐந்து செட் ஆடி ஜெயித்தார்கள். கடைசிப் புள்ளி விழுந்ததும் அவள் மைதானத்திலிருந்து, "அப்பா!" என்று கத்தியது தெருமுனை வரை கேட்டது.

வெற்றிக்குக் காரணம் சீருடைதான் என்று கமிட்டி நேற்று மாலையே தனக்குத் தானே பாராட்டுத் தெரிவித்துக்கொண்டது. வெட்டி விழுந்த பருந்துகளையும் ஏணிகளையும் ஒட்டுப்போட்டுக் கழகத்துக்கு ஒரு கொடி தைப்பதென்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. துணி கொஞ்சம் போதாது என்பதால், நீங்கள் அந்தச் சட்டையை உடனே அனுப்பிவிடுங்கள். கொடிக்குழுவுக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை. இன்று காலையிலிருந்து வீட்டில் நான் மறுபடியும் செயலாளர்.