மூன்று சென்ட் சுரைக்காய்

ரங்கநாயகி தரையில் மண்டியிட்டு, நேற்று மிஞ்சிய சுரைக்காயைக் கட்டிலுக்கு அடியில் உருட்டி விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அங்கே ஏற்கெனவே மூன்று காய்கள் படுத்திருந்தன. நான்காவதைக் கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அம்மணி! இன்னைக்கு மூணு காய் எறங்கீருச்சு!"

தலைப்பிள்ளை பிறந்த சேதியைக்கூட கிருபாசங்கர் இத்தனை பூரிப்போடு சொன்னதில்லை. அந்தத் தலைப்பிள்ளை லோகப்பிரியா, காலேஜுக்குத் தலை சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"மூணுதானுங்களாப்பா? செடிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

கிருபாசங்கரின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு அஞ்சு கொண்டாறேன் கண்ணு" என்றார்.

ரங்கநாயகி மகளைப் பார்த்த பார்வையில் ஒரு கொலைக்குற்றம் இருந்தது.

இத்தனைக்கும் காரணம் அவளேதான். கிருபாசங்கர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். இருபத்திரண்டு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணிய பிறகு சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. அதில் நேற்று வந்த ஒருவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவருடைய தகுதி, மேனேஜருக்கு மச்சினன் என்பது. அதன்பின் கிருபாசங்கர் ஒரு மாதம் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, வீடு கட்டுவதற்காகச் சரவணம்பட்டிக்கு அப்பால் வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் இடத்தில் பந்தல் போட்டுச் சுரைக்கொடி ஏற்றினார். விடியற்காலையில் மொபெட்டில் போய்த் தண்ணீர் விட்டு வருவார். பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்தன.

வைகாசியில் முதல் காய் வந்தது. கூட்டு வைத்தாள். அவள் முதல் வாய் சாப்பிடும்வரை அவர் தட்டைத் தொடாமல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுரைக்காயால் என்ன ருசி தர முடியுமோ அந்த ருசிதான் இருந்தது. அதாவது தண்ணீர். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த ரங்கநாயகிக்கு மனசு கேட்கவில்லை.

"வெண்ணெயாட்ட இருக்குதுங்க. தெனமும் இருந்தாலும் எனக்குச் சலிக்காதுங்க."

மரியாதைக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மூன்று மாதமாகக் கடுங்காவல். கூட்டு, பொரியல், பச்சைப்பயறு போட்ட குழம்பு, அடை, தோலில் துவையல், அல்வா என்று எல்லாம் முடிந்துவிட்டது.

"காப்பில மட்டுந்தானுங்ம்மா இன்னும் போடல" என்றாள் லோகப்பிரியா.

மறுநாள் சொன்னபடி ஐந்து காய் வந்தது. ரங்கநாயகி இரண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அன்புக்கரசியிடம் போனாள். வாங்கியவள் நெகிழ்ந்துவிட்டாள். காரியம் இவ்வளவு சுலபமா என்று ரங்கநாயகிக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியம் சாயங்காலம்வரை நீடித்தது.

"அக்கா, உங்க காய்லயே கூட்டு வெச்சேனுங்க" என்று ஒரு போசி நிறையக் கொண்டுவந்து நீட்டினாள் அன்புக்கரசி. "தோட்டத்துக்காரங்களுக்குக் குடுக்காம நாம எப்படிங்க்கா வாயில வெக்கறது?"

சரி, ஒரே வீட்டுக்குக் கொடுத்ததுதான் தப்பு என்று மறுநாள் தெருவில் ஐந்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கணபதி வட்டாரத்தில் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் எல்லாரும், துரதிர்ஷ்டவசமாக, நல்ல குணம் படைத்தவர்கள். ஐந்து வீட்டிலிருந்தும் ஐந்து போசி வந்தது. ஒருத்தி பாயசமே வைத்திருந்தாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கிருபாசங்கர், வரிசையாக இருந்த பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இத்தன வகையா செஞ்சு போட்டியா? உனக்கு இம்புட்டுப் பிரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சே அம்மணி!"

அடுத்த நாள் ஏழு காய் வந்தது.

வற்றல் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று மொட்டை மாடியில் காயவைத்தாள். அதையும் அவர் பார்த்துவிட்டார். "பின்னால காய் இல்லாமப் போயிருமோன்னு சேத்து வெக்கறயா? நான் இருக்கறவரைக்கும் உனக்கு அந்தப் பயமே வேண்டாம்" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் பெய்த மழையில் வற்றல் மறுபடி சுரைக்காயாக ஊறிவிட்டது.

கடைசியில் ஒரு கோணிப்பையில் இருந்ததையெல்லாம் கட்டி, உடுமலைப்பேட்டையில் இருக்கும் நாத்தனார் பழனாத்தாளுக்கு பஸ்ஸில் போட்டுவிட்டாள். தெரிந்த கண்டக்டர். கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்ததில் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் அதே கண்டக்டர் அதே கோணிப்பையை இறக்கிவிட்டுப் போனார். உள்ளே இருபது தேங்காய், மேலே ஒரு கடுதாசி. கிருபாசங்கர் சத்தமாகப் படித்தார்.

"தம்பி, உன் பொண்டாட்டி தங்கம். தனக்குன்னு ஒரு காய்கூட வெச்சுக்காம எல்லாத்தையும் எங்களுக்கு அனுப்பிச்சுப் போட்டா. அந்தப் புள்ள நாக்கு ஏங்கிப் போயிருக்கும். சீக்கிரமாப் பறிச்சுக் குடு. கூட்டுக்குத் தேங்கா அனுப்பியிருக்கறேன்."

கடுதாசியை மடித்தவர் அவளைக் குற்ற உணர்வோடு பார்த்தார். மறுநாள் மொபெட்டின் இரண்டு பக்கமும் பை தொங்கியது. லோகப்பிரியா எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரங்கநாயகி துணிந்துவிட்டாள். "ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க..."

"சொல்லு அம்மணி. நானும் ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. "இருவத்திரண்டு வருசமா அந்தக் கம்பெனியில நான் செஞ்ச ஒரு வேலையையும் எவனும் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. நீதான் சொன்ன. சரி, நீ என்னமோ சொல்ல வந்தயே?"

"இன்னுங் கொஞ்சம் கூட்டு வெக்கட்டுங்களா?" என்றாள் ரங்கநாயகி.

ஆக, மனுசனிடம் சொல்ல முடியாது. செடியைத்தான் தீர்க்க வேண்டும்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும், புல் அறுக்கும் கருக்கருவாளை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பச்சை உயிரை வேரோடு அறுக்கப் போகிறோமே என்று இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டாள். அவர் வந்து அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள். பெருச்சாளி கடித்திருக்கும். அடுத்த தடவை கத்தரி போடலாம். ஐயோ, கத்தரி வேண்டாம். ரோஜா போடலாம்.

இடத்தைக் கண்டுபிடித்துப் போய் நின்றவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு மூலையிலும் கல் இருந்தது. கல்லில் கிருபாசங்கரின் பெயரும் இருந்தது. நடுவில் சாய்ந்து கிடந்த மூங்கிலை ஆடு ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று நகர்ந்தது. பச்சை என்று சொல்ல ஓர் இலை கிடையாது.

ஓரமாக வேப்பமர நிழலில் ஆடு மேய்க்கும் கருப்பாத்தாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க," ரங்கநாயகி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள், "பம்ப்செட் கம்பெனி சாரு சொரக்காப் போட்டிருக்கற எடம் இதுதானுங்களா? கொடியைக் காணமுங்களே?"

கருப்பாத்தாள் வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு நிதானமாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது ஆடிக்காத்துல பந்தலோட சாஞ்சு பட்டுப்போயி ஒரு மாசமாச்சுங்க அம்மணி, பாவம் அந்த சாரு, தெனமும் வெடியால மார்க்கெட்டுல காய் வாங்கியாந்து, இங்க ஒக்காந்து ஒவ்வொண்ணுலயும் மண்ணப் பூசி எடுத்துட்டுப் போறாருங்க, ஊட்டுக்காரம்மாளுக்குச் சொரக்கான்னா உசுராமா, செடி செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா தாங்கமாட்டாங்களாமா!"