வெள்ளம் வரும், எல்லாருக்கும் கிட்டும்

வெள்ளம் என்றால் குடிக்கிற நீர். இதுகூடத் தெரியாதவர்களைக் குமரி மாவட்டத்துக்கு மாற்றல் போட்டு அனுப்புகிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு முதல் கோபம். இரண்டாவது கோபம் எங்கள் நிலைய மேலாளர் மேல். என் மேல் எனக்குக் கோபமே கிடையாது. (அம்மா இந்த இடத்தில் சிரிப்பாள்.)

குலசேகரம் பக்கத்தில் இருக்கிறது எங்கள் சமுதாய வானொலி. ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைப்புரையில்தான் அதைத் தொடங்கினார்கள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியும் அந்தப் புகை வாடை போகவில்லை. பேட்டிக்கு வந்த மருத்துவரின் தும்மல்கூட ஒலிபரப்பாகியிருக்கிறது. காலையில் பக்திப்பாட்டு, ரப்பர் விலை. மதியம் சமையல். சாயங்காலம் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. (பக்கத்திலிருக்கும் தக்கலையிலேயே கேட்காத வானொலி வளைகுடாவில் எங்கே கேட்கும்? ஆனாலும் வாழ்த்துச் சொல்ல வரிசை நிற்கும்.)

நான் மதியம் அவியலுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தவள். காலை நிகழ்ச்சி மேல் கண். காலை அறிவிப்பாளர் என்றால் பேருந்தில் டிக்கெட் கேட்டாலே குரலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். மேலாளர் சுந்தரேசன் சார் தஞ்சாவூர்க்காரர். "ஒரு வாரம் பண்ணிக் காட்டுங்க. பிடிச்சா காலை நேரம் உங்களுக்குத்தான். ஆனா நியூஸ் மாதிரி வாசிக்கக் கூடாது. இந்த ஊர் மக்கள் பேச்சுல பேசணும்" என்றார்.

பேசினேன். குழாய் உடைந்து ஊரே காய்ந்து கிடந்த வாரம் அது. சரிசெய்தாகிவிட்டது என்று பஞ்சாயத்திலிருந்து தகவல் வந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"மக்கா, சந்தோஷமான சேதியாக்கும். இன்னைக்கு வெள்ளம் வரும். மொதல்ல ஆத்தங்கரைத் தெருவுக்கு, பொறவு மேட்டுத் தெருவுக்கு. யாரும் வீட்டப் பூட்டிட்டுப் போவாண்டாம். நெறைய வரும், எல்லாருக்கும் கிட்டும்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அதே நேரம் ஜீப்பில் எங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டு போனார், வெளிமாவட்டத்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஓர் அதிகாரி. அவர் ஊரில் வெள்ளம் என்றால் வீடு வாசலை அடித்துக்கொண்டு போவது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் உண்டா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. மீட்பு வண்டியை ரப்பர் படகோடு ஆத்தங்கரைத் தெருவுக்கு வரவழைத்துவிட்டார்.

அங்கே குழாயடியில் குடங்களோடு கூட்டம். முதல் ஆளாக என் அம்மா.

"வெள்ளம் எங்கம்மா?" என்று பதறியிருக்கிறார் அதிகாரி.

"அதத்தான் சார் நாங்களும் கேக்கோம். ஒரு வாரமாட்டு காணல."

"வரும்னு ரேடியோவுல சொன்னாங்களே!"

"சொன்னது எனக்க மவளாக்கும்!" என்று என் பெயரைப் பெருமையாக எடுத்துக் கொடுத்த அம்மா, வண்டியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "ஏன் சார், படகுலயா வெள்ளம் கொண்டு வந்திருக்கிய?"

அதிகாரி விஷயம் புரிந்து, முகம் சிவந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார். பின்சக்கரம் நேராக ஏறியது, காலையில்தான் ஒட்டுப்போட்ட குழாயின் மேல். வெள்ளம் வந்தது. அவர் ஊர் வெள்ளமும் எங்கள் ஊர் வெள்ளமும் சேர்ந்தே வந்தது. தெரு முழுக்க ஓடியது.

அதிகாரியின் புகார் வந்ததும் காலை நிகழ்ச்சி என் கையைவிட்டுப் போயிற்று. கட்டைவிரல் காட்டிய அதே மனிதர், "பொறுப்பா பேச வேண்டாமாம்மா?" என்றார்! என்ன அநியாயம் இது? போதாததற்கு மைக்கில் ஒரு தாளையும் ஒட்டினார்: 'வெள்ளம் என்று சொல்லக் கூடாது. தண்ணி என்று சொல்லவும்.'

அப்படியே ஆகட்டும் என்று, குழாயை மறுபடி சரிசெய்த அன்று அவியலுக்கு நடுவே நேரலையில் அறிவித்தேன்: "இன்னைக்கு எல்லாருக்கும் தண்ணி கிட்டும்."

உடனே ஃபோனில் ஓர் ஆண் குரல், ஆவலாக: "மக்கா, எந்தக் கடையில குடுக்காவ?"

(எங்கள் பக்கம் தண்ணி என்றால் பாட்டிலில் வருவது. தஞ்சாவூரிலும் அப்படித்தானே? சாருக்கு அது ஏன் தோன்றவில்லை?)

இப்போது சோறு விக்கினாலும் கேட்பதற்கு எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வெள்ளம் என்றால் கணவர் ஃபோனை எடுத்து, "ஏட்டி, படகு சொல்லட்டா?" என்கிறார். தண்ணி என்றால் அம்மா, "எந்தக் கடையில?" என்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல், "குடிக்க ஏதாவது தாங்க" என்றேன். அதற்குத்தான் ரொம்பச் சிரித்தார்கள். நானே எழுந்துபோய் மொண்டு குடித்தேன். என்ன குடித்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.