பரீட்சைக்கு ஒரு சொத்தைப் பல்

படித்துக்கொண்டே குடும்பமும் நடத்துகிறவன் என்றொரு மனித இனம் உண்டு. அதில் கிளைகள் பல. சட்டம் படிப்பவன், பால் எப்படித் தீர்ந்தது என்று மனைவியைக் குறுக்கு விசாரணை செய்வான். கால்நடை மருத்துவம் படிப்பவன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதன் மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்ப்பான். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நாம் ஆராய எடுத்துக்கொண்டிருப்பது இவ்வினத்தின் ஆகத் தேறிய வகையை: பல் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டில் இருக்கும் இளங்கணவனை.

அவனை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் பேசும்போது அவன் உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டான். உதட்டுக்குச் சற்று உள்ளே பார்ப்பான். நீங்கள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே வேடிக்கைக் கதைகள் சேகரித்து வைத்திருப்பான். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமாக நகர்ந்து நின்று அவற்றைச் சொல்வான். கதைகள் சிரிப்பூட்டாதவை என்பது அவனது நிரந்தரத் துயரம். கொட்டாவி விடுகிறவர்களை அவனுக்கு மிகவும் பிடிக்கும்.

எடுத்துக்காட்டுக்கு வெண்டல் ஹால்வர்சனைக் கொள்வோம். சோளக்காடுகள் சூழ்ந்த ஒரு பல்கலைக்கழக ஊரில், மணமான மாணவர்களுக்கென்று கட்டிய, பக்கத்து வீட்டுத் தும்மலுக்கு நம் வீட்டிலிருந்தே வாழ்த்துச் சொல்லக்கூடிய குடியிருப்பில், மனைவி ஜோலீனோடும் நான்கு வயது மகள் டெஸ்ஸாவோடும் அவன் வசித்தான். ஜோலீனுக்குப் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. அந்தக் குடும்பம் உண்டது, உடுத்தியது எல்லாம் அவள் குரலின் வருமானம். குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில், பல் செதுக்கிப் பழகுவதற்கான மெழுகுக் கட்டிகள் இருக்கும். ஒருநாள் காலை அவசரத்தில், வெண்ணெய் என்று எண்ணி அவற்றில் ஒன்றை ரொட்டியின் மேல் பாதிவரை தேய்த்துவிட்டார்கள். டெஸ்ஸாவின் பொம்மை, கீல் வைத்த ஒரு பிளாஸ்டர் தாடை. ஓயாமல் அசைந்து உழைக்கும் கீழ்த்தாடைக்கு அவள் 'அம்மா' என்று பெயரிட்டிருந்தாள். அசையாத மேல்தாடை 'அப்பா'.

குழாய் ஒழுகியதா? பரீட்சை முடியட்டும். டெஸ்ஸாவுக்கு மிதிவண்டியா? பரீட்சை முடியட்டும். மாமனார் ஊருக்கு வரச் சொல்கிறாரா? அதுதான் சொன்னேனே.

அந்தப் பரீட்சையின் விசித்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தொழில் செய்யும் உரிமம் வேண்டுமானால், மாணவன் உயிருள்ள ஒரு நோயாளியைத் தானே தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, தேர்வாளர்கள் முன்னிலையில் அவரது சொத்தைப் பல்லை அடைத்துக் காட்ட வேண்டும். எந்தச் சொத்தையும் ஆகாது. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் இருக்க வேண்டும். இதற்குமுன் யாரும் கைவைத்திருக்கக் கூடாது. சின்னதாயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பெரிதாயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தகுந்த சொத்தை அகப்படாதவனுக்கு உரிமம் இல்லை. வெண்டலுக்குக் கோடையில் காத்திருந்த வேலையும் இல்லை. ஆகவே, ஊரார் பல்லெல்லாம் நலமாக இருக்க வேண்டும் என்று காலையில் உறுதிமொழி எடுத்துவிட்டு, ஒருவர் பல்லாவது அளவோடு அழுகியிருக்க வேண்டும் என்று மாலையில் பிரார்த்தனை செய்யும் ஒரே உயிரினம் இதுவே.

வெண்டலின் பிரார்த்தனை இலையுதிர் காலத்தில் பலித்தது. மாணவர் மருத்துவமனையில் சும்மா எடுத்த ஒரு எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

"ஜோலீன்! இதைப் பாரேன்! என்ன அழகு, என்ன அழகு!"

"என்னது இது? கறுப்பா ஒரு புள்ளி?"

"சொத்தை! உன்னோடது! மேல்வரிசையில, இடது பக்கம், ரெண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல!"

"அதுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?"

"எதிர்வீட்டுக் கர்ட்டிஸ் பார்த்தா வயிறு எரிஞ்சே செத்துருவான்."

"சரி, அடைச்சு விடு."

"அடைக்கிறதா? பைத்தியமா உனக்கு? பரீட்சை வசந்தத்துல!"

அன்றுமுதல் சொத்தை அந்த வீட்டின் மூன்றாவது பெரியவரானது. இரவு உணவு முடிந்ததும் வெண்டல் கைவிளக்கோடு வருவான். 'இன்று வேலை எப்படி இருந்தது?' என்று மற்றக் கணவர்கள் கேட்கும் வேளையில் இவன் 'வாயைத் திற' என்பான். பனியில் சிக்கிய பேருந்துகளைப் பற்றியும், அவற்றுக்காகத் தன்னைத் திட்டிய தாய்மார்களைப் பற்றியும் அவள் திறந்த வாயோடு 'ஆ... ஆ...' என்று விவரிப்பாள். "ம்... ம்... பிரமாதம்" என்பான் அவன். அவன் சொன்னது சொத்தையை.

குளிர்காலத்தில் மறுபடி படம் எடுத்தான். அப்போதுதான் சந்தேகம் பிறந்தது. சொத்தை போதுமான ஆழம் போயிருக்கிறதா? தேர்வாளர்கள் சின்னது என்று தள்ளிவிட்டால்? எதிர்வீட்டில் இருந்த வகுப்புத் தோழன் கர்ட்டிஸுக்கும் இதே கவலை. அவனுடைய நம்பிக்கையும் மனைவி பிரின்னின் வாயில்தான் இருந்தது. இருவரும் துணி துவைக்கும் அறையில் கூடி ஆலோசித்தார்கள். ஓரிரு மாதம் மிட்டாய் தின்பதால் சொத்தை வளர்ந்துவிடாது என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். இருவரும் அதில் முதல் தரம் வாங்கியவர்கள். ஆனால் பயம் வந்தவனுக்குப் பாடம் எங்கே நினைவிருக்கும்?

ஹாலோவீன் பண்டிகையன்று மிட்டாய் கேட்டு வாசலில் வந்து நின்ற குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய்க்குப் பதில் பல் துலக்கும் பிரஷ் கொடுத்து, குடியிருப்பு முழுவதன் சாபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வெண்டல், காதலர் தினத்தன்று ஒரு பெரிய கேரமல் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தான். ஜோலீன் நெகிழ்ந்துபோனாள். மறுவாரமும் ஒரு பெட்டி வந்தது. அதற்கு மறுவாரமும்.

"எனக்கு?" என்றாள் டெஸ்ஸா.

"உனக்குக் கூடாது கண்ணு. பல்லு கெட்டுடும்."

"அம்மாவுக்கு?"

"அம்மா பெரியவங்க" என்றான் வெண்டல், பல் மருத்துவத்தில் இதுவரை இடம்பெறாத ஒரு கொள்கையை நிறுவியபடி.

'அவர் மாறிட்டார்' என்று ஜோலீன் தன் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிக்கூட விட்டாள்.

இனி, குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடித் தின்னும் மாதாந்திர விருந்துக்கு வருவோம். பெண்கள் இருவரும் மேசையருகே நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"கர்ட்டிஸ் இப்பல்லாம் ரொம்பப் பாசமா இருக்கான்டி" என்றாள் பிரின். "தினமும் தலையணை மேல மிட்டாய் வெக்கிறான்."

"என்ன மிட்டாய்?"

"கேரமல். பல்லுல போய் அப்பிக்கிட்டு வரவே மாட்டேங்குது."

ஜோலீனின் கரண்டி பச்சை ஜெல்லி சாலட்டின் நடுவே நின்றது.

"ஒரு பக்கமா வெச்சு மெல்லச் சொன்னானா?"

"ஆமா, வலது பக்கமா. அப்பதான் ருசி தெரியும்னு... இரு இரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இடது பக்கம்."

இருவரும் திரும்பினார்கள். கூடத்தின் மறுகோடியில், கட்டடத்தைப் பராமரிக்கும் பெரியவரை விளக்குக்கு நேராக நிறுத்தி, கணவர்கள் இருவரும் மாறி மாறி வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வெண்டல்! கொஞ்சம் இங்க வர்றியா?"

அந்தக் குரலைக் கேட்டால் பனிப்புயலில் பேருந்துகள்கூட நின்றுவிடும்.

"அது வந்து... ஆழம் கொஞ்சம் பத்தாம இருந்துச்சு..." என்று தொடங்கினான் வெண்டல்.

"நாங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தான்..." என்று கைகொடுக்க வந்தான் கர்ட்டிஸ்.

"ஓஹோ! இதுக்கு ரெண்டு மூளை வேற தேவைப்பட்டுச்சா?" என்றாள் பிரின்.

வாகன நிறுத்தத்தின் குறுக்கே வீடு திரும்பும்போது ஜோலீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் வெண்டலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தூங்கும் மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கிறிஸ்துமஸ்ல இருந்தே வலிக்குது."

"என்னது?"

"ஜில்லுனு ஏதாவது குடிச்சா மண்டை வரைக்கும் இழுக்குது. வேலையில போனை வலது காதுக்கு மாத்திட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அடைச்சாகணும். அடைச்சா உன் பரீட்சை போயிடும். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் கடிக்கவும் முடியல."

"தினமும் பார்த்தேனே, ஜோலீன். டார்ச் அடிச்சுப் பார்த்தேனே."

"பார்த்த. கேட்டியா?"

நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதுவென்று முதலாண்டின் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். வெண்டல் அதை மருத்துவமனையில் முன்பின் அறியாதவர்களிடமெல்லாம் கனிவாகக் கேட்டுப் பெயர் வாங்கியவன். வீட்டில் கேட்கத்தான் மறந்துபோயிற்று. வீட்டில் இருந்தது நோயாளி அல்லவே, பரீட்சை.

மறுநாள் மேற்பார்வைப் பேராசிரியை புதிய படத்தை விளக்கின்மேல் வைத்துப் பார்த்தார். "படத்துல தெரியறதைவிட உள்ள எப்பவும் ஆழமாத்தான் இருக்கும். இதுவும் ரெண்டாம் வருஷப் பாடம்தான் வெண்டல்" என்றார். "இதைப் பரீட்சைக்குக் கொண்டுபோனா, பெருசுன்னு வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. அதுவரைக்கும் விட்டுவெச்சா வேர்வரைக்கும் போயிடும். இன்னிக்கே அடைச்சுடு."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஜோலீன் கணவனைப் பார்த்தாள். கணவன் படத்தைப் பார்த்தான். தேர்வாளர்கள் ஒருவேளை கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று ஓர் எண்ணம் வந்து எட்டிப்பார்த்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், வந்தது.

"யோசிக்கிறியா?" என்றாள் ஜோலீன்.

"இல்லையே."

"யோசிச்ச. முகத்துலயே தெரிஞ்சுது."

"வலிக்குதா?" என்று கேட்டான் வெண்டல், ஊசியைக் கையில் எடுத்தபடி.

"இப்பவாவது வாயில வந்துச்சே. வலிக்குது. போடு."

அவன் வாழ்நாளிலேயே ஆகச் சிறந்த அடைப்பு அதுதான். மதிப்பெண் போட அங்கே ஒருவரும் இல்லை.

ஆக, பரீட்சைக்கு ஆளில்லை, நாளும் நெருங்கிவிட்டது. வேலை போய்விடும், கோடை போய்விடும், இன்னோர் ஆண்டு ஜோலீனின் குரலிலேயே குடும்பம் ஓட வேண்டும். மரத்துப்போன கன்னத்தோடு அவள்தான் கேட்டாள்: "எங்கப்பா வாயைப் பார்த்திருக்கியா?"

வெண்டல் திகைத்தான். அஞ்சல்காரர் வாயை, பாதிரியார் வாயை, எதிரே வந்த காவலர் வாயையெல்லாம் பார்த்தவன் மாமனார் வாயை மட்டும் பார்த்ததில்லை. காரணம் எளியது. கான்சஸில் கோதுமை பயிரிடும் கிளெண் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர் பேசத் தொடங்கியதும் மருமகன் 'படிக்கணும்' என்று எழுந்து போய்விடுவான்.

"அவர் வருவார். ஆனா ஒண்ணு" என்றாள் ஜோலீன். "அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாய்க்குள்ள கை விடக் கூடாது."

கிளெண் தம் பழைய வண்டியில் வந்திறங்கினார். "மாப்ளே, நம்ம அறுவடை இயந்திரம் ஏரிக்குள்ள போன கதையை உனக்கு முழுசா சொல்லியிருக்கேனா?"

"இல்ல கிளெண்."

"எங்க சொல்றது? நான் வாயைத் திறந்தா நீ புத்தகத்தைத் திறந்துருவியே. உக்காரு."

வெண்டல் உட்கார்ந்தான். இயந்திரம் வாங்கிய ஏலத்திலிருந்து கதை தொடங்கியது. பக்கத்து நிலத்துக்காரரின் கோபக்கார மனைவி வழியாக, பழுதான பிரேக் வழியாக, ஊர்ப் பாதிரியார் ஏரிக்கரையில் முழங்காலிட்ட இடம்வரை நகர்ந்தது. நடுவே கிளெண் தலையைப் பின்னால் சாய்த்து ஓவென்று சிரித்தார். கீழ்வரிசையில், வலது பக்கம், இரண்டு கடைவாய்ப் பற்களின் இடுக்கில் ஒரு மெல்லிய நிழல் தெரிந்தது. வெண்டலின் கை சட்டைப் பையிலிருந்த கைவிளக்கை நோக்கி நகர்ந்தது. சமையலறையிலிருந்து ஜோலீன் லேசாக இருமினாள். கை திரும்பிவந்தது. கதை தொடர்ந்தது. சிறிது நேரத்தில் வெண்டல், நிழலை மறந்து, "அப்புறம் பாதிரியார் என்னதான் செஞ்சார்?" என்று கேட்டுவிட்டான். மிட்டாய் விவகாரத்துக்குப் பிறகு அன்றுதான் ஜோலீன் அவனுக்கு இரண்டாவது கோப்பை காப்பி ஊற்றினாள்.

படம் எடுத்தார்கள். சின்னதுமில்லை, பெரிதுமில்லை. தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அடைக்கும் பல்லை மட்டும் விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு மாட்டிய கிளெண் தம் வாழ்நாளிலேயே நீண்ட மௌனத்தை அன்று அனுசரித்தார், வெண்டல் தேறினான். கர்ட்டிஸும் தேறினான். மீதமிருந்த மிட்டாய்ப் பெட்டி முழுவதையும் அவனையே தின்னவைத்த பிறகுதான் பிரின் பரீட்சை நாற்காலியில் உட்கார்ந்தாளாம்.

நம்மவன் இத்தோடு திருந்திவிட்டான் என்று எண்ண வேண்டாம். இவ்வினம் திருந்துவதில்லை, அடுத்த பரீட்சைக்கு நகர்கிறது, அவ்வளவே. நீங்களோ புன்னகைக்கிறீர்கள். பல் மருத்துவம் படித்ததில்லை, யார் வாயிலும் விளக்கடித்துப் பார்த்ததில்லை, ஆகவே இந்த இனத்தில் தங்களைச் சேர்க்க முடியாது என்கிறீர்கள். நல்லது, சேர்க்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் 'ம்' என்றீர்கள்.

என்ன சொன்னார்?