தூசி உறிஞ்சும் மோட்டரில் ஒரு மாப்பிள்ளைக் கோப்பி

கையில் ஒரு ஸ்குரூட்ரைவர் அகப்பட்டால் போதும், எந்த ஆண்பிள்ளையும் தன்னை இஞ்சினியர் என்று நினைத்துக்கொள்வான். நான் ஸ்குரூட்ரைவர் அகப்படும் முன்பே நினைத்துக்கொண்டவன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில் சோலோதுர்ன் நகரத்து ஹோட்டல் குசினி ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கலியாணம் பேசிய இடத்தில் மட்டும் "பெடியன் மெசின் லைனில நிக்கிறான்" என்று சொல்லியிருந்தது. (கோப்பை கழுவுவதும் மெசின்தானே!) பெண் கொழும்பில், அவளுடைய தமையன் சுவிஸிலேயே, நொஷாட்டல் நகரில். மாப்பிள்ளையின் கெட்டித்தனத்தை நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தமையன் அறிவித்துவிட்டார். அவர் தலையாட்டினால் கலியாணம். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அறைத்தோழர் குணம் அண்ணையின் குறட்டைதான்.

ஊரில் என்றால் பெண் கோப்பி கொண்டுவந்து கொடுப்பாள். இங்கே நான்தான் பெண். கொடுக்கிற கோப்பியிலேயே கைத்திறமையையும் காட்டினால் என்ன என்று தோன்றியது. எங்களிடம் கைபிடியைச் சுற்றிக் கோப்பி அரைக்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. தெருவில் பழைய சாமான் வைக்கும் நாளில் தூசி உறிஞ்சும் மெசினும் ஒன்று அகப்பட்டது. (சுவிஸ்காரர் எறிவதெல்லாம் எங்களுக்குச் சீதனம்.) அதன் தூசிப் பையை எறிந்துவிட்டு, மோட்டரைக் கழற்றி, கைபிடி இருந்த இடத்தில் ரப்பர் குழாய்த் துண்டால் பூட்டினேன். மோட்டரோடு இருந்த காற்றாடி மட்டும் கழல மறுத்தது. அது தன்பாட்டில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தம்பி, கையால நாலு சுத்துச் சுத்தினா முடியிற வேலைக்கு என்னத்துக்கு இந்தக் கண்டறியாத மெசின்?" என்றார் குணம் அண்ணை.

"அண்ணை, உங்களுக்கு விஞ்ஞானம் விளங்காது."

எனக்கும் விளங்காது என்பதை அப்போது சொல்லவில்லை.

தமையன் வந்தார். வெள்ளைச் சட்டை, டை, முகத்தில் நீதவான் களை. கோப்பிக் கொட்டையோடு மல்லி, மிளகு, வேர்க்கொம்புச் சுக்கு எல்லாம் வறுத்து வைத்திருந்தேன். ஊர்க் கோப்பியில் மனிதர் உருகிவிட வேண்டும் என்பது திட்டம்.

"இது என்ர சொந்தத் தயாரிப்பு" என்று சுவிட்சைப் போட்டேன்.

ஐயோ, அந்தச் சத்தம்! மெசின் அரைத்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மோட்டர் தன் பழைய தொழிலை மறக்கவில்லை. அரைத்த தூளை உறிஞ்சியது. உறிஞ்சியதைப் பின்பக்கத்தால் ஊதியது. பின்பக்கத்தில் நான்தான் அவருக்குக் கதிரை போட்டிருந்தேன்.

"நிப்பாட்டும் காணும்! நிப்பா..." மிச்சத்தைத் தும்மல் விழுங்கியது. மிளகு நன்றாக வேலை செய்தது. தூள் மண்டலத்துக்குள் எனக்குச் சுவிட்ச் அகப்படவில்லை. குணம் அண்ணைதான் வயரைப் பிடுங்கினார்.

அதற்குள் கதவைத் தட்டினாள் கீழ்வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே சண்டைக்கு வருகிற மனுசி. திறந்தால், தலை முதல் வயிறு வரை கோப்பி பூசி, கண் மட்டும் வெள்ளையாக ஒருவர் தும்மிக்கொண்டு இருக்கிறார். வாயில் வைத்திருந்த ஏச்சை விழுங்கிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

என்னுடைய ஒரேயொரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தமையன் ரயிலேறினார். பெண்ணும் போச்சு, சட்டையும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றே அவர் கொழும்புக்குப் போன் எடுத்து, "இஞ்சினியராம் இஞ்சினியர்! தூசி உறிஞ்சிற மெசினில கோப்பி அரைக்கிற விசரன்!" என்று தங்கையிடம் கொட்டித் தீர்த்திருக்கிறார். லைன் அறும்வரை அவள் சிரித்தாளாம்.

அடுத்த கிழமை சட்டையைத் திருப்பித் தர வந்தவர் வாசலைத் தாண்டவில்லை.

"மற்ற மாப்பிள்ளையள் எல்லாம் சம்பளத்தைத்தான் சொன்னவையாம். அவளுக்கு இந்த விசரனே காணுமாம், வேற மாப்பிள்ளை வேண்டாமாம். நான் என்ன செய்ய? ஆனா ஒண்டு, என்ர தங்கச்சி இருக்கிற வீட்டில நீர் ஒரு ஆணியையும் தொடப்படாது!"

இன்றும் எங்கள் வீட்டில் பல்பு எரியாவிட்டால், மனைவி என்னைத் தாண்டிப் போய் நொஷாட்டலுக்குத்தான் போன் எடுப்பாள். மச்சான் ரயிலேறி வந்து மாற்றுவார். முடிந்ததும் "கோப்பி போடட்டோ?" என்று கேட்பேன். பிள்ளைகள் காத்திருப்பது அதற்குத்தான். மச்சான் சட்டையைக் கழற்றி, மடித்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, பெனியனோடு உட்கார்ந்து சொல்லுவார்: "ஓம், இப்ப போடும்."